முட்டிக்குள் ஒரு வெள்ளைத் தரை

டாக்டரின் அறையில் நடந்த அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கிறது.

"எந்தக் காலு?" என்று முதலில் கேட்டவர் டாக்டர்தான். மூட்டு வைத்தியத்தில் பேர்போன ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கிற பழக்கம் அவருக்கு.

"இடதுங்க," என்றார் அவளுடைய மாமனார்.

"எத்தனை நாளா?"

"நாளெல்லாம் இல்லங்க, வருஷக் கணக்கு. வீங்குறது மட்டும் இந்த ஆறு மாசமா."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"டைல்ஸ் ஒட்டறேன். சின்ன வயசுல வீட்டுப்பாடம் எழுதலைன்னு வாத்தியார் முட்டி போடச் சொன்னாரு. அன்னைக்குப் போட்டவன்தான், இன்னும் எந்திரிக்கல."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்த முட்டியைத் தரையில வெப்பீங்க?"

"இடதுதான். வலது பாதத்தை ஊன்றிக்கிட்டு இடது முட்டியைக் கீழ வெச்சிடுவேன். அப்பதான் கை சொன்னபடி கேக்கும்."

"வலி எப்படி? குத்துதா, எரியுதா?"

"உள்ள மணல் கிடக்கற மாதிரி இருக்கு. சில நேரம் சின்னதா ஒரு கல்லு வந்து நடுவுல மாட்டிக்கும். காலை நீட்ட வராது. ரெண்டு உதறு உதறினா விட்டுடும்."

"மணலா?"

"எனக்கு மணல் தெரியும்மா. இது சலிக்காத மணல்."

அதற்குத்தான் டாக்டர் சிரித்தார். கட்டிலில் படுக்க வைத்து, ஒரு கையை முட்டிமேல் பரப்பி, இன்னொரு கையால் பாதத்தைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், உள்பக்கமாகத் திருகினார். ஓர் இடத்தில் மாமாவின் புருவம் சுருங்கியது. டாக்டர் அங்கேயே நிறுத்தி, மறுபடி அதே இடத்துக்குப் போய்வந்தார். பிறகு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"இதுல எலும்பு மட்டும்தான் விழும். எலும்பு நல்லாத்தான் இருக்கு. நடுவுல இருட்டா ஒரு சந்து தெரியுதா? பார்க்கறவங்க அதை வெறும் இடம்னு நினைப்பாங்க. அங்கதான் குருத்தெலும்பு இருக்கு, எலும்பு மேல வழவழன்னு மூடியிருக்கும். படத்துல தெரியாது."

"அது தேஞ்சா வலிக்காதுங்களா?"

"அதுக்கு நரம்பு கிடையாது. தேயும்போது வாயைத் திறக்காது. முழுசாத் தேஞ்சு அடியில இருக்கற எலும்பு வெளிய வந்தப்புறம், எலும்புதான் கத்தும். ரத்த ஓட்டமும் கிடையாது, அதனால தானா ஆறவும் ஆறாது."

"அப்ப நம்ம மருமக மாதிரிதான்," என்று மாமா அவளைக் காட்டினார். "இதுவும் எதையும் வாய்விட்டுச் சொல்லாது."

அவள் தரையைப் பார்த்தாள்.

"மறுபடி முட்டி போடலாங்களா?" என்று மாமா கேட்டார். கேட்கும்போது குரலில் விளையாட்டு இல்லை.

"முதல்ல ஸ்கேன் எடுப்போம்."

"போடவே கூடாதுன்னு ஆயிட்டா?"

டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "வேற வேலை ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றார் மாமா.

பேச்சு அத்தோடு முடிந்தது.

அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணமான மூன்றாவது வாரமே கணவன் கப்பல் வேலைக்குத் திரும்பிவிட்டான். அத்தை, அதாவது அவளுடைய மாமியார், சீருடை தைக்கும் ஆலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவர். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். அவளுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு துண்டுத்தாள் வைத்திருப்பார்களே, அதை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றித் தருவாள். யாரும் படிக்காத எழுத்து. அந்த வீட்டில் மட்டும் அதற்கு ஒரு வாசகர் இருந்தார். மாமா எந்த மாத்திரையைப் பிரித்தாலும் முதலில் தாளை விரித்து, எழுத்துக் கூட்டி, "தலைசுற்றல், வாய் உலர்தல், அரிதாக மனக்குழப்பம்" என்று வாசிப்பார். "இது மூணும் எனக்கு மாத்திரை போடாமலே இருக்கு" என்று சொல்லி மறுபடி அதே மடிப்பில் மடித்து வைப்பார்.

தொழிலில் அவருக்கு 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சாண் நீள ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழலுக்குள் இருக்கிற குமிழி சரியாக நடுவில் வந்து நின்றால் தரை சமம். சாப்பாட்டு மேஜை, பேருந்து இருக்கை, கடைக்காரரின் கல்லா என்று எதன்மேலும் வைத்துப் பார்ப்பார். மகனின் கல்யாண மேடையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கால் இஞ்சு சரிவு. பொண்ணு பக்கம்" என்று சம்பந்தியிடம் சொன்னவர். ஒட்டிய தரையை ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அவசரப்பட்டு ஒரே ஓர் அடி வைத்துவிட்ட வீட்டுக்காரர் ஒருவர் கண்ணெதிரே அன்று ஒட்டிய மூன்று வரிசையையும் பெயர்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி ஒட்டியிருக்கிறார்.

அவருடைய சொந்த வீட்டுத் தரையோ வேறு மாதிரி. வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சியவற்றைக் கொண்டுவந்து ஒட்டி ஒட்டி, இருபத்தாறு வருஷத்தில் மூன்று அறையும் ஒரு நடையும் நிறைந்திருந்தன. "ஊருக்கெல்லாம் கம்பளம் விரிப்பாரு, நமக்கு மட்டும் ஒட்டுப்போட்ட போர்வை" என்று அத்தை பெருக்கும்போதெல்லாம் சொல்வார். வந்த புதிதில் அவளுக்கு அந்தத் தரை கண்ணைக் கட்டியது. பச்சையில் கால் வைத்தால் அடுத்த அடி நீலத்தில் விழும். தூக்கக் கலக்கத்தில் நடந்தால் பல வீடுகளைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி இருக்கும்.

ஸ்கேன் எடுக்க மாமாவை அந்த நீளக் குழாய்க்குள் அரைமணி நேரம் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உள்ள யாரோ டைல்ஸ் உடைக்கறான். ஆனா நல்ல வேலைக்காரன், தாளம் தப்பாம உடைக்கறான்" என்றார். அந்தச் சத்தத்திலேயே அவர் தூங்கிவிட்டாராம். கனவில் கடலுக்குத் தரை போட்டாராம். ஒரு வரிசை முடித்து ரசமட்டத்தை வைப்பதற்குள் அலை வந்து குமிழியைத் தள்ளிக்கொண்டு போய்விடுமாம். "கோபமே வரலம்மா. அதுபாட்டுக்குத் தள்ளுது, நான்பாட்டுக்கு ஒட்டறேன்."

மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் வேலை பார்க்கும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், தமிழில் படித்தாள். தொடை எலும்பின் உருண்ட முனையில், உள்பக்கம், உடம்பின் எடை விழுகிற இடத்தில் குருத்தெலும்பு முழு ஆழத்துக்கும் பெயர்ந்திருக்கிறது. பதினான்கு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு. சுற்றியுள்ள விளிம்பு உறுதியாக உள்ளது. பெயர்ந்த துண்டு ஒன்று மூட்டுக்குள் மிதக்கிறது.

மாமா உள்ளங்கையில் நகத்தால் ஒரு வட்டம் கீறிப் பார்த்தார். "கோட்டுப் பொத்தான் அளவு. இதுக்கா இந்தப் பாடு படுத்துது." கொஞ்ச நேரம் கழித்து, "விளிம்பு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கா? இன்னொரு தடவை அதை மட்டும் படி" என்றார். அவள் படித்தாள். "விளிம்பு நல்லா இருந்தா ஒட்டிடலாம்" என்று, அடுத்தவர் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். மிதக்கிற துண்டை எடுத்துவிட்டு, பள்ளத்தின் ஓரத்தைச் செதுக்கிச் சீராக்கி, அடியிலிருக்கும் எலும்பில் ஊசிமுனை அளவில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார். எலும்புக்குள்ளிருந்து ரத்தம் கசிந்து பள்ளத்தில் உறையும். அந்த உறைவு மெல்ல மெல்லப் புதுக் குருத்தாக மாறும். "அசல் மாதிரி இருக்காது, நாரு கலந்ததா இருக்கும். ஆனா வேலைக்கு ஆகும். உங்களுக்கு நாற்பத்தேழு வயசு. இந்த வைத்தியத்துக்கு எல்லைக்கோட்டுல நிக்கறீங்க. பள்ளம் சின்னதா இருக்கேன்னுதான் கை வைக்கறேன்."

"எத்தனை நாள் காயணும்?"

"ஆறு வாரம். அதுவரைக்கும் பாதம் தரையைத் தொடலாம், எடை விழக்கூடாது. ரெண்டு கட்டை வெச்சுத்தான் நடக்கணும்."

"நானே ஒரு நாள்தான் கேப்பேன். நீங்க என்னைவிட மோசமா இருக்கீங்களே."

"நீங்க ஒட்டறது கல்லு. இது வளரணும்."

"அப்புறம் முட்டி போடலாங்களா?"

"வளர்ந்தா பேசலாம்," என்றார் டாக்டர்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்படி முதுகில் ஊசி போட்டதால் ஆபரேஷனின்போது மாமா விழித்திருந்தார். தலைமாட்டுக்குப் பக்கத்தில் திரை. பென்சில் கனத்தில் ஒரு கேமராவை முட்டிக்குள் விட்டிருந்தார்கள். அன்று திரையில் பார்த்ததை அவர் பின்னால் எத்தனையோ மத்தியானங்களில் சொல்லச் சொல்ல, கடைசியில் அவளே அங்கே போய்வந்ததுபோல் ஆகிவிட்டது.

"ஒரு ரூமும்மா. முழுக்கத் தண்ணி. சுவரெல்லாம் வெள்ளை. வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னே தெரியல. ஓரத்துல பஞ்சு பஞ்சா ஏதோ ஆடுது, ஜன்னல் திரை ஆடற மாதிரி, மெதுவா. தரை இருக்கு பாரு, அப்படி ஒரு தரையை நான் போட்டதே இல்ல. கோடு இல்ல, சந்து இல்ல, ஒரே தரை. பளிங்கு கெட்டது போ. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, 'இந்த ரூமுக்குத் தரை போட்டது யாருங்க?'ன்னு கேட்டுட்டேன். 'பேசாம படுங்க, உங்க அம்மா வயித்துல போட்டது'ங்கறாங்க டாக்டர்."

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்துவார்.

"அப்புறம் கேமரா திரும்புது. மூலையில பெயர்ந்து கிடக்கு. அடியில மஞ்சளா எலும்பு. எனக்கு வெக்கமாப் போச்சும்மா. ஊர்ல ஒரு டைல் ஆடினா ராத்திரி தூக்கம் வராது எனக்கு. என் காலுக்குள்ள இப்படி ஒரு தரையைக் குடுத்திருக்காங்க, அதுமேலயே முப்பத்திமூணு வருஷம் முட்டி போட்டு உடைச்சிருக்கேன். அப்புறம் ஓட்டை போட்டாங்க. உள்ள பாய்ச்சற தண்ணியோட வேகத்தைக் குறைச்சதும் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சிவப்பா ஒரு நூல் மேல எழும்பிச்சு. புகை மாதிரி. சத்தமே இல்ல."

வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு மெஷினும் வந்தது. காலை அதில் படுக்க வைத்து வாரால் கட்டிவிட்டால், அது தானாகவே முட்டியை மடக்கும், நீட்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். எடை விழக்கூடாது, ஆனால் அசைவு வேண்டும். அசைவில்தான் புதுக்குருத்து வழவழப்பாக வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடத்துத் தரையில் மெத்தை விரித்து மாமா படுத்திருக்க, மெஷின் ம்ம்ம் என்று இழுத்து, ஒரு கணம் யோசித்து, ம்ம்ம் என்று திரும்பி வரும். இரண்டாவது வாரத்துக்குள் வீடே அந்த மூச்சுக்குப் பழகிவிட்டது. உள் அறையில் உட்கார்ந்து அவள் எழுதிய வாக்கியங்களும் அதே நீளத்துக்கு வந்துவிட்டன.

அந்த மயக்கத்தில்தான் மாமா தரையைப் பற்றிப் பேசினார். கண் பாதி மூடியிருக்கும். விரல் மட்டும் காட்டும்.

"அந்தப் பச்சை, பல் டாக்டர் வீட்டுது. டைல் அறுக்கற சத்தத்துக்கே அவருக்குப் பல்லு கூசும். இந்த நீலம் நீச்சல் குளத்தோடது, ஆழமான பக்கம். கருப்பு, சினிமாக் கொட்டகை வாசல். அந்த ஓரத்துல பழுப்பா ஒன்னு இருக்கு பாரு, அது ஒரு புது வீடு. மூணு மாசம் வேலை பார்த்தேன். யாருமே குடிவரல. ஜன்னலுக்குத் துணி கூடப் போடல. இன்னும் அந்தத் தரையை யாரும் மிதிச்சிருக்க மாட்டாங்க."

"எங்க ரூம் வாசல்ல இருக்கறது மாமா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். வெளிர் ரோஜா நிறத்தில் ஒரே ஒரு டைல்.

"அது உன் புருஷன் பொறந்த ஆஸ்பத்திரி. கீழ் நடையில நான்தான் ஒட்டிக்கிட்டிருந்தேன்."

"கேளு அந்தக் கதையை," என்று அன்று வீட்டிலிருந்த அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நான் மாடியில வலியில கத்தறேன். இவரு கீழ டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டிருக்காரு. பையன் பொறந்துட்டான்னு நர்ஸ் போய்ச் சொன்னா, 'இந்த வரிசையை முடிச்சுட்டு வரேன்'னு சொல்லி அனுப்பறாரு."

"கலவை காஞ்சிடும்ல," என்றார் மாமா கண்ணைத் திறக்காமல்.

நான்காவது வாரம் அவருடைய கூட்டாளி வந்தான். டைல்ஸ் அறுக்கிறவன், தலைமுதல் கால்வரை எப்போதும் வெள்ளைத் தூசி படிந்திருப்பதால் எல்லோருக்கும் அவன் 'பொடி'. மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா ரசமட்டம், மெஷின் வெச்சுக் காலை அமுக்கிக்கிற? எனக்கெல்லாம் கட்டினவ கூட அமுக்க மாட்டேங்கறா."

"நீ தூசியைத் தட்டிட்டுப் படு. அமுக்குவா."

"அது போகட்டும். பள்ளிக்கூட ஹால் ஒன்னு வந்திருக்கு. அவ்வளவு பெரிய தரையை நாம இதுவரைக்கும் போட்டதில்ல. நீ வந்தாத்தான் கை வைப்பேன்னு சொல்லிட்டேன். ஆறு மாசம் பொறுக்கறோம்னுட்டாங்க."

மெஷின் ஒருமுறை மடக்கி நீட்டியது. "எந்தப் பக்கம் வாசல்?" என்று மட்டும் மாமா கேட்டார். அன்று முழுக்க மேற்கூரையில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

ஐந்தாவது வாரத்தில் அது நடந்தது. ஒரு மத்தியானம். மெஷினை நிறுத்திவிட்டு அவருக்குச் சாப்பாடு போட்டு, தண்ணீர்க் குடத்தை நடை வழியாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, அவள் உள் அறையில் எழுத உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்திருந்தது. 'வலி நின்றுவிட்டாலும் மருந்தை நிறுத்தாமல் தொடரவும்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு சத்தம். டொக். டொக். டொக். டொப். மறுபடி டொக். கேட்க இதமாக இருந்தது. அந்தத் தாளத்துக்கு அவள் நான்கு வரி எழுதியும்விட்டாள். ஐந்தாவது வரியில்தான் அது என்ன சத்தம் என்று உறைத்தது.

வெளியே வந்தாள். நடையில், ஊன்றுகோல் இரண்டையும் சுவரோரம் இணையாக, அளந்து வைத்ததுபோல் படுக்க வைத்துவிட்டு, மாமா உட்கார்ந்திருந்தார். வலது பாதம் ஊன்றியிருந்தது. இடது முட்டி தரையில். உடம்பின் எடை முழுவதும் அதன்மேல். தலையைச் சாய்த்து, விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டி, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. "மாமா" என்று கடைசியில் வந்தது, யாரையோ தூக்கத்தில் எழுப்பத் தயங்குவதுபோல. அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். "நீ குடத்தோட போனப்ப கேட்டுச்சும்மா. இங்க பாரு, அடியில கலவை இல்ல, காத்து நிக்குது." பிறகு அவள் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அதைத் தொடர்ந்து கீழே குனிந்து தன் முட்டியைப் பார்த்தார், வேறு யாருடைய காலோ அங்கே கிடக்கிற மாதிரி.

"வலிக்கல," என்றார்.

வலிக்காது என்று இருவருக்கும் தெரியும்.

அவள் ஓடிப்போய் அவர் கைக்கடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். அவ்வளவு கனமான மனிதர் என்று அதுவரை அவள் நினைத்ததில்லை. மெத்தையில் படுக்க வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் முட்டி போட்டிருந்தாரு?"

"நாலு வரி எழுதற நேரம்," என்றாள். அது விடையில்லை என்று உடனே தோன்றியது. "அஞ்சு, ஆறு நிமிஷம் இருக்கும் டாக்டர். நான் பார்த்துட்டும் உடனே சொல்லல."

முட்டி லேசாக வீங்கியிருந்தது. அழைத்துப்போய்க் காட்டியபோது டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. உறைவு கலைந்திருக்கலாம், கலையாமலும் இருக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அதற்காக உள்ளே போக மாட்டேன் என்றார். ஊன்றுகோல் இன்னும் மூன்று வாரம் கூடுதல். ஆறாம் மாதம் மறுபடி ஸ்கேன். அதுவரை காத்திருப்பதைத் தவிர யாரும் எதுவும் செய்வதற்கில்லை.

அத்தைதான் டாக்டருக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார். "அஞ்சு வாரமா நாங்க ரெண்டு பேரும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கறோம். அந்த டைல் என்ன, எந்திரிச்சு ஓடிடுமா?" என்றவர், செருப்பு அலமாரியைத் தரதரவென்று இழுத்து வந்து அந்த டைலின்மேல் நிறுத்தினார். "தட்டணும்னா இனிமே செருப்பைத் தட்டுங்க."

"தப்புதான்மா," என்றார் மாமா. "நான் போகணும்னு நினைக்கவே இல்ல. கை தட்டிட்டிருக்கு, காது கேட்டுட்டிருக்கு. காலு எப்ப கீழ போச்சுன்னு சத்தியமாத் தெரியாது."

காத்திருந்த மாதங்கள் நீரில் நடப்பதுபோல் போயின. ஊன்றுகோல் இரண்டு ஒன்றானது, பிறகு அதுவும் போனது. தொடைத் தசைக்குப் பலம் வரப் பாதத்தில் மணல்மூட்டை கட்டித் தூக்கச் சொன்னார்கள். கடையில் விற்கிற மூட்டை வேண்டாம் என்று, தானே மணலைச் சலித்து, பழைய கால்சட்டைத் துணியில் அத்தையைத் தைக்கச் சொல்லிக் கட்டிக்கொண்டார். காலையில் தெருமுனை வரைக்கும் நடந்தார். படி ஏறினார். வீக்கம் இல்லை, மணல் இல்லை, மாட்டிக்கொள்ளும் கல் இல்லை. ஆனாலும் யாரும் அதைப் பற்றி மகிழ்ந்து பேசவில்லை. அந்த ஐந்தாறு நிமிஷத்தில் உள்ளே என்ன ஆனது என்பதை வலி சொல்லாது என்று வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அந்தக் கனவு அப்போதுதான் வரத் தொடங்கியது. வெள்ளை அறை. இடுப்பளவு தண்ணீர். எங்கிருந்தோ வெளிச்சம். ஓரத்தில் பஞ்சு ஆடுகிறது. அவள் வெறுங்காலோடு வாசலில் நிற்கிறாள். தரை காய்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அடி எடுத்து வைக்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. உள்ளே யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வாயிலிருந்து குமிழி மட்டும் கிளம்பி மேலே போகிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் போனில் "எப்படி இருக்கே?" என்றபோதும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னாள்.

ஆறாம் மாதம் ஸ்கேன் படத்தை டாக்டர் திரையில் போட்டு, பென்சில் முனையால் காட்டினார். பள்ளத்தில் முக்கால் பங்குக்கு மேல் புதுக்குருத்து நிறைந்திருந்தது. பின்பக்க ஓரத்தில் மட்டும் மெலிந்து, சற்றுத் தாழ்ந்து இருந்தது.

"அன்னைக்கு முட்டி போட்டதாலயா?" என்று மாமா கேட்டார்.

"இருக்கலாம். போடாமலே இப்படி ஆனவங்களும் உண்டு. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்." டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "நடங்க, ஏறுங்க, இறங்குங்க. இடது முட்டியை மட்டும் தரையில வெச்சு எடையை விடக்கூடாது. இனி எப்பவுமே. அந்த ஓரம் பெயர்ந்தா, சுத்தி இருக்கறதும் கூடவே வந்துடும். அதுக்கப்புறம் நான் உங்ககிட்டப் பேசறது செயற்கை மூட்டைப் பத்தித்தான் இருக்கும்."

மாமா தன் வலது முட்டியைத் தொட்டுக் காட்டினார். "வலது?" என்றார்.

டாக்டர் வலது முட்டியையும் மடக்கி நீட்டித் திருகிப் பார்த்தார். "இது நல்லா இருக்கு. கெட்டியா மெத்தை வெச்சுக்கணும். அரைமணிக்கு ஒரு தடவை எந்திரிக்கணும். சம்மதம்னா வலது."

"சம்மதங்க," என்றார் மாமா உடனே.

சொன்னது சுலபம். வலது முட்டி போட்டால் வரிசையை மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கலவைச் சட்டி இடம் மாற வேண்டும். உடம்பு சாய்கிற சாய்வே வேறு. கட்டிலின்மேல் முட்டி போட்டுப் பழகினார். சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினார். நினைத்துச் செய்தால் வந்தது. நினைக்காதபோது இடதுதான் இறங்கியது. சாப்பிடும்போது கரண்டி கீழே விழுந்தால் குனிகிற முதல் கால் இடது. அத்தை "ஏங்க" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார், அவர் பாதி வழியில் அப்படியே நின்று, "இது என் பேச்சைக் கேக்காது போல. உன் பேச்சைத்தான் கேக்குது" என்று காலைப் பார்த்துச் சொல்வார். அத்தைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அத்தை எட்டு மணிக்கு ஆலைக்குப் போயாக வேண்டும். பொடியோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, அறுக்கும் மெஷினுக்கு முன்னால் கண்ணை எடுக்காமல் நிற்கிறவன்.

பள்ளிக்கூட ஹால் வேலை திங்கட்கிழமை தொடங்குவதாக முடிவானது. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை அவள் எழுதிக்கொண்டிருந்தபோது மாமா வந்து அறை வாசலில் நின்றார். அவள் மருமகளாக வந்தபிறகு அந்த வாசல்வரை அவர் வந்ததே அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. சட்டைப்பையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"உனக்கு வேலை இருக்கும்," என்றார்.

"சொல்லுங்க மாமா."

"ஒரு வாரம் என்கூட வர முடியுமாம்மா? உன் கம்ப்யூட்டரை அங்கயே எடுத்துக்கலாம். ஜன்னலோரமா, தூசி வராத இடத்துல நாற்காலி போட்டுத் தரேன். உன் வேலையை நீ பாரு. அப்பப்ப தலையைத் தூக்கி என் காலைப் பார்த்தா போதும். ஒரு வாரம் போச்சுன்னா வலது பழகிடும்." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "இடது கீழ போச்சுன்னா கூப்பிடு. அன்னைக்கு நடையில கூப்பிட்டியே, அப்படி வேண்டாம். தட்டிக்கிட்டிருந்தேன்னா எனக்கு வேற எதுவும் காதுல விழாது. மரியாதை பார்க்காதே. மாமனாராச்சேன்னு பார்க்காதே. அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கற மாதிரி, தொண்டை கிழியக் கத்தணும். கத்துவியாம்மா?"